இடக்கை மரியாதை

வாவு மூஸா தன் ஆயுளில் ஒருவருக்கும் ஒரு பொருளையும் இடது கையால் கொடுத்தவர் இல்லை. தூத்துக்குடி கடற்கரைச் சாலையை ஒட்டிய சந்தில் அவருக்கு ஒரு சரக்குக் கிட்டங்கி இருந்தது. வெங்காயமும் வற்றலும் கருப்பட்டியும் அங்கிருந்து தோணியேறிக் கொழும்புக்குப் போகும். வலது கையில் ஏதாவது இருக்கும்போது ஒருவர் வந்து எதையாவது கேட்டால், இருப்பதைக் கீழே வைத்து, கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்து, அதன் பிறகே எடுத்துக் கொடுப்பார்.

"மொதலாளி கைய மாத்துததுக்குள்ள தோணி பாய் விரிச்சிரும்" என்று எதிர்க்கடை ஆறுமுகநயினார் கேலி செய்வார்.

"தோணி போனா அடுத்த தோணி வரும் அண்ணாச்சி. மரியாத போனா வருமா?" என்பார் மூஸா.

மூஸாவின் சொந்த ஊரான காயல்பட்டினத்து ஆண்கள் பொதுவாகக் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத்தான் வெளியூரில் வியாபாரம் செய்வார்கள். மகன் ஈஸாவின் படிப்புக்காக மூஸா அந்த வழக்கத்தை மீறினார். மனைவி ஹாஜரா பீவியையும் ஈஸாவையும் சின்னவள் கதீஜாவையும் தூத்துக்குடிக்கு அழைத்து வந்து வாடகை வீட்டில் குடிவைத்தார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். 'ஒத்த ஆம்பளப் புள்ள, காலேசு வரைக்கும் படிக்கட்டும்' என்பதற்கு மேல் அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

உலகச் சண்டை முடிகிற சமயத்தில் ஈஸா பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் சேர்ந்தான். காக்கிச் சட்டையையும் அரைக்கால் சட்டையையும் பார்த்ததும் ஹாஜரா பீவிக்கு அழுகை வந்துவிட்டது. "பட்டாளத்துக்குத்தான் இப்பமே பழக்குதாங்க. எம்புள்ளைய பர்மாவுக்கு ஏத்திருவாங்க" என்றாள். மூஸாவுக்கும் மனம் ஒப்பவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சாரண ஆசிரியர் ஜேசுபாதத்தைப் பார்த்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். கணக்கு வாத்தியார். காக்கி உடுப்பில் அவரே ஒரு வளர்ந்த பையனைப் போலத்தான் இருந்தார்.

"சண்டைக்கு இல்ல மொதலாளி. முடிச்சுப் போட, காயத்துக்குக் கட்டுக் கட்ட, வழி சொல்ல, சோறு பொங்கப் படிச்சுக் குடுக்கோம். ஒவ்வொண்ணையும் ஒழுங்காச் செஞ்சு காட்டினா ஒரு பேட்ஜ்."

"சோறு பொங்கவா? வீட்டுல பொம்பளையள் எதுக்கு இருக்காங்க?"

"முகாமுக்கு உங்க வீட்டம்மாவ அனுப்பி வைப்பீங்களா?"

மூஸா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுத்துப் பேசுவதற்கு வழியில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு அந்த வீடே பேட்ஜ் வாங்கப் படித்தது என்று சொல்ல வேண்டும். முதலுதவிச் சோதனைக்காக உம்மாவின் பழைய துப்பட்டியைக் கிழித்துக் கதீஜாவின் தலையிலும் முழங்காலிலும் கட்டுக் கட்டிப் பார்த்தான் ஈஸா. கட்டோடு வாசலுக்கு ஓடியவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போய் எண்ணெயும் மஞ்சளுமாக ஓடி வந்தாள். சமையல் பேட்ஜுக்காகக் கொல்லையில் மூன்று கல் கூட்டி அவன் பொங்கிய சோறு அடிபிடித்தது. "கருகல் வாசமும் ஒரு வாசந்தான்" என்று ஹாஜரா பீவி ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள். முடிச்சுகள் கற்க மூஸாவே அவனைத் தோணிக்கு அழைத்துப் போய் அதை ஓட்டும் தண்டலிடம் விட்டார். வழிகாட்டி பேட்ஜுக்கு ஊரின் தெருக்களெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒருநாள் ஒரு மாலத்தீவு மாலுமி கிட்டங்கிக்கு வந்து, தபாலாபீசுக்கு வழி தெரியாமல் தவித்த தன்னைக் காக்கிச் சட்டைப் பையன் ஒருவன் கூடவே வந்து கொண்டுபோய் விட்டான் என்று சைகையில் சொன்னான். பையனின் நெற்றியில், ஈஸாவுக்கு இருப்பதுபோலவே, ஒரு தழும்பு இருந்ததையும் விரலால் வரைந்து காட்டினான். மூஸா அன்று அந்த மாலுமிக்கு ஒரு ஓலைக்கொட்டான் கருப்பட்டி சும்மா கொடுத்தார்.

முதல் வகுப்புச் சாரணனாவதற்குக் கடைசிச் சோதனை நடைப்பயணம். ஈஸாவும் ஆறுமுகநயினாரின் மகன் பால்துரையும் தருவைகுளம் வரை நடந்துபோய், கடற்கரையில் தாங்களே சமைத்துத் தங்கி, மறுநாள் திரும்பி வந்து பார்த்ததையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் யாரும் கூடப் போகக் கூடாது. மூஸா காலையில் 'போயிட்டு வா' என்று சொல்லிவிட்டார். பிற்பகலில் இருப்புக் கொள்ளாமல் குதிரைவண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். உடைமரக் காட்டுக்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி, மறைவில் நின்று பார்த்தார். பொழுது சாயும் வேளை. கரையில் புகை எழுந்துகொண்டிருந்தது. ஈஸா அடுப்பின் முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருந்தான். பால்துரை ஏதோ சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கூப்பிடட்டா மொதலாளி?" என்றான் வண்டிக்காரன்.

"கூப்பிட்டா அவனுக்கு பேட்ஜ் போயிரும்லே" என்று மூஸா வண்டியைத் திருப்பச் சொன்னார். வழியெல்லாம் வண்டிக்காரனிடம் மகனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

இவ்வளவிலும் ஒரு விஷயம் மட்டும் அவர் காதுக்கு வராமல் போயிற்று. சாரணர் படையில் சேர்ந்த புதிதில் ஈஸா ஒருநாள் அடுப்பங்கரைக்குள் வந்து, "உம்மா, கையக் குடுங்க" என்று இடது கையை நீட்டினான். ஹாஜரா பீவி கையிலிருந்த அகப்பையாலேயே அந்தக் கையில் ஒன்று போட்டாள். "பீச்சாங்கையவா நீட்டுதே உம்மாட்ட? ஹராங்குட்டி!" அவன் கையை உதறிக்கொண்டு வெளியே போனான். அதன் பிறகு அந்தக் கையைப் பற்றி வீட்டில் அவன் பேசவில்லை. கதீஜாவோடு மட்டும் கொல்லையில் வைத்து ரகசியமாகக் கைகுலுக்குவான். அவள் கிளுகிளுவென்று சிரிப்பாள்.

பள்ளிக்கூட ஆண்டு விழா அந்த வருஷம் மாசியில் வந்தது. தேர்தல் காலம். யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று ஊரார் ஒருவரையொருவர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்த சமயம். மூஸா கோட்டு மாட்டி, துருக்கித் தொப்பி வைத்து, அத்தர் பூசி, பந்தலின் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஆறுமுகநயினார். பின்னால் பஜாரே இருந்தது.

விழாத் தலைவராக வந்திருந்த பெரிய மனிதர் ஓட்டத்தில் ஜெயித்தவனுக்கும் பேச்சில் ஜெயித்தவனுக்கும் பரிசு கொடுத்தார். ஒவ்வொரு பையனும் மேடையேறி வணங்க, அவர் வலது கையைக் கொடுத்துக் குலுக்கி அனுப்பினார். எல்லாம் முடிந்ததும் ஜேசுபாதம் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். பள்ளிக்கூடத்திலேயே முதன்முதலாக ஒரு மாணவன் முதல் வகுப்புச் சாரணன் ஆகியிருக்கிறான் என்று சொல்லி ஈஸாவின் பெயரைக் கூப்பிட்டார். பால்துரைக்கு நீச்சலில் ஒரு சோதனை பாக்கியிருந்தது. அதனால் ஈஸா ஒருவன்தான்.

ஈஸா விறைப்பாக நடந்து மேடையேறினான். ஜேசுபாதம் அவன் சட்டைக் கையில் பேட்ஜைக் குத்தினார். பிறகு தன் இடது கையை நீட்டினார்.

மூஸாவுக்கு முதலில் கண்ணை நம்ப முடியவில்லை. தவறுதலாக நீட்டிவிட்டார், மாற்றிக்கொள்வார் என்று நினைத்தார். மாற்றவில்லை. அதைவிட, ஈஸாவும் தன் இடது கையை நீட்டி அதைப் பற்றிக்கொண்டான். பற்றிக்கொண்டு சிரித்தான்.

பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. "பாத்தியாலே, மத்தவனுக்கெல்லாம் சோத்தாங்கை. மரைக்காயர் மவனுக்கு மட்டும் பீச்சாங்கை." அதற்கு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

மூஸா எழுந்தார். மேடையிலிருந்து ஜேசுபாதம் முகமெல்லாம் மலர்ச்சியாக அவரை நோக்கித்தான் இறங்கி வந்துகொண்டிருந்தார். மூஸா திரும்பிப் பார்க்காமல் பந்தலை விட்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்த ஈஸாவைக் கூடத்தில் நிறுத்தினார்.

"ஊரே பாக்க ஒனக்கு அவன் பீச்சாங்கைய நீட்டுதான். நீ பல்ல இளிச்சிக்கிட்டு வாங்குதே. வெக்கமா இல்லியாலே?"

"வாப்பா, அது மரியாத வாப்பா."

"பீச்சாங்கையில என்னலே மரியாத?"

"ஸ்கவுட்டுங்க அப்பிடித்தான் வாப்பா..."

"அப்பம் மத்த பயலுவளுக்கு ஏன் குடுக்கல?"

"அவங்கள்லாம் ஸ்கவுட்டுக்கு வாங்கல வாப்பா, ஓட்டத்துக்கு..."

"வாய மூடு!"

அடுப்பங்கரை நிலைப்படியில் நின்ற ஹாஜரா பீவிக்கு அந்த அகப்பை நாள் நினைவுக்கு வந்தது. "இவன் ஆதியிலயே எங்கிட்ட பீச்சாங்கைய நீட்டிக்கிட்டு வந்தான். அந்த வாத்தியான்தான் பழக்கியிருக்கான்" என்றாள். நல்லதென்று நினைத்தே சொன்னாள். மூஸாவுக்கோ நெருப்பில் எண்ணெய் விட்டதுபோல் ஆயிற்று. அவமானத்தை வாங்கிக்கொள்ளவும், அதை மரியாதை என்று நினைக்கவும் தன் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பழக்கியிருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

"நாளைக்குக் காலம்பற அந்தச் சட்டையையும் கழுத்துத் துண்டையும் மடிச்சுக் கொண்டு குடுத்துட்டு வந்திரு. குத்தி விட்டதையும் சேத்து."

ஈஸா அவரைப் பார்த்தான். "சரி வாப்பா" என்றான்.

மறுநாள் பொருள்களைக் கொடுத்துவிட்டு வந்தான். மாலையில் ஜேசுபாதம் சைக்கிளில் கிட்டங்கிக்கு வந்தார். மூஸா மூடைகளுக்குப் பின்னால் இருந்தார். "மொதலாளி இல்ல" என்று கணக்குப்பிள்ளை சொல்வதும், "எப்பம் வருவாங்க?" என்று அவர் கேட்பதும், பிறகு சைக்கிள் உருளுவதும் எல்லாம் கேட்டது. இன்னொரு நாளும் வந்தார். அன்றும் மூஸா இல்லை. ஆறுமுகநயினார் ஒருநாள், "மொதலாளி, எம்பய ஒரு விசயம் சொல்லுதான்..." என்று ஆரம்பித்தார். மூஸா கையை உயர்த்தினார். "பள்ளிக்கூடப் பேச்ச எடுத்தா நமக்குள்ள இருக்க பழக்கம் கெட்டுப் போவும் அண்ணாச்சி." ஆறுமுகநயினார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

கோடையில் சென்னையில் மாகாணச் சாரணர்களெல்லாம் கூடும் பெரிய முகாம் நடந்தது. ஈஸாவைத்தான் அனுப்புவதாக இருந்தார்கள். பால்துரை போனான். திரும்பி வந்த அன்றே கதை சொல்ல ஈஸாவைத் தேடி ஓடி வந்தான். ஈஸா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அவன் மூஸாவிடம் கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் கோபிக்கவில்லை. எதைச் சொன்னாலும் 'சரி வாப்பா' என்றான். பள்ளி இறுதித் தேர்வில் நன்றாகவே தேறினான். பாளையங்கோட்டையிலோ திருச்சியிலோ காலேஜில் சேர்க்கலாம் என்று மூஸா விசாரித்து வைத்திருந்தார். "நான் கிட்டங்கிக்கே வாரேன் வாப்பா" என்றான் ஈஸா. எதற்காகக் குடும்பத்தைக் காயலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தாரோ, அது அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோயிற்று. ஏன் என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பிறரிடம் சொல்லிக்கொண்டார்.

கச்சான் காற்று அடங்கி, தோணிகள் மறுபடி ஓடத் தொடங்கியதும் மூஸா சரக்கோடு கொழும்புக்குப் போனார். புறக்கோட்டையில் அவருடைய வியாபாரப் பங்காளி ஒரு ஹாஜியார். வயதானவர், பள்ளிவாசல் நிர்வாகி. அவர் பேச்சுக்கு அந்தத் தெருவே கட்டுப்படும். அஸர் தொழுகை முடிந்து இருவரும் கடையில் உட்கார்ந்திருந்தபோது காக்கி உடுப்புப் பையன்கள் சிலர் உண்டியலோடு உள்ளே வந்தார்கள். எல்லோரும் முஸ்லிம் பிள்ளைகள். கழுத்தில் துண்டு. கல்லாவில் இருந்த ஹாஜியாரின் மகன் எழுந்து சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பையனிடமும் கை கொடுத்தான். எல்லோருக்கும் இடது கை.

மூஸாவின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

"ஹாஜியார், இது என்ன? பீச்சாங்கையில..."

ஹாஜியார் கடகடவென்று சிரித்தார். "மூஸா நானா, நானும் முதல்ல ஏசினேன். அது ஸ்கவுட் பொடியன்மார்ர சலாம். மகனும் சின்னதில ஸ்கவுட்தானே. முந்தி ஏதோ ஒரு ஊரில சண்டைக்காரன் வலக்கையில ஈட்டியும் இடக்கையில கேடயமும் வச்சிருப்பானாம். இடக்கைய நீட்டணும் எண்டா கேடயத்தக் கீழ வைக்கணும். உன்னை நம்பி நான் கேடயத்தக் கீழ வச்சிட்டேன் எண்டு அர்த்தம். வேற ஆருக்கும் அந்தக் கையக் குடுக்க மாட்டாங்க. விளங்கிச்சா?"

விளங்கிற்று. எல்லோருக்கும் வலது கை, ஈஸாவுக்கு மட்டும் இடது கை. அன்றைக்கு அந்த மேடையில் அந்தக் கைக்கு உரியவன் ஈஸா ஒருவன்தான். இதையே மகன் கூடத்தில் நின்றுகொண்டு தன் வாயால் சொன்னான். பெற்ற பிள்ளை சொன்னபோது ஏறாதது, கடல் தாண்டிப் போன இடத்தில் வேறொருவர் சொன்னவுடனே ஏறிவிட்டது. மூஸாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

திரும்பி வரும் தோணியில் பாய்மரத்தடியில் உட்கார்ந்தார். கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டுக் கொடுக்கிற தன் பழக்கத்தை நினைத்தார். ஊரெல்லாம் அதைக் கேலி செய்தும் ஒருநாளும் விட்டதில்லை. அப்படிப்பட்டவர், பிள்ளை சொன்னதைக் கேட்பதற்குத் தன் கோபத்தை ஒரு நிமிஷம் கீழே வைக்கவில்லை.

கரையிறங்கியதும் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஜேசுபாதம் அங்கே இல்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு விளாத்திகுளம் பக்கம் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். சாரணர் படை என்ன ஆயிற்று என்று கேட்டார். புது வாத்தியார் யாரும் அதை எடுத்து நடத்த முன்வரவில்லை. கொடிகளும் கயிறுகளும் ஒரு பெட்டியில் கிடக்கின்றன என்றான் காவலாளி. பேட்ஜுகள் எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கிட்டங்கிச் சந்தில் ஆறுமுகநயினார் கடை வாசலில் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, அந்த இடக்கை விசயம் ஒங்களுக்குத் தெரியுமா?"

ஆறுமுகநயினார் தயங்கினார். "எம்பய அன்னைக்கு ராத்திரியே சொன்னான் மொதலாளி. பஜாருக்கே தெரியும். அன்னைக்குச் சிரிச்ச பயலுவளுக்கும் அப்புறம் தெரிஞ்சுபோச்சு. நீங்கதான் ஒருத்தரையும் பேச விடலியே."

உள்ளே சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கூலியாட்கள் மூடைகளைக் கொண்டுவந்து போட, ஈஸா அவிழ்ந்திருந்த மூடை வாய்களைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தான். தண்டலிடம் கற்ற முடிச்சு. தகப்பனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "சலாம் வாப்பா. பயணம் நல்லா இருந்திச்சா?"

அவமானம் ஊர் பார்க்க நடந்ததாக நினைத்துத்தானே இத்தனையும் செய்தோம். இதையும் ஊர் பார்க்கவே செய்ய வேண்டும் என்று மூஸா தோணியிலேயே தீர்மானித்திருந்தார். தோளில் கிடந்த துண்டையும் வலது கையில் இருந்த பையையும் ஒரு மூடைமேல் வைத்தார். இடது கையைச் சாரத்தில் துடைத்தார். அதை மகனுக்கு நேரே நீட்டினார்.

கூலியாட்கள் மூடையோடு நின்றுவிட்டார்கள். எதிரே ஆறுமுகநயினாரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸா அந்தக் கையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கணம் பழைய சிரிப்பு வரப்போவதுபோல் இருந்தது. வரவில்லை. அவன் தன் வலது கையால் தகப்பனின் இடது கையை மெல்லப் பிடித்து, கீழே இறக்கி விட்டான்.

"வேணாம் வாப்பா" என்றான். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. "அது ஸ்கவுட்டுங்க அவங்களுக்குள்ள குடுத்துக்கிடுதது. நாம ரெண்டு பேரும் அது இல்லியே."

குனிந்து சணலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து மூடை வாயைக் கட்டத் தொடங்கினான்.

மூஸா அங்கேயே நின்றார். தலைச்சுமையோடு நின்ற கூலியாள் கழுத்து வலிக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"மொதலாளி, இந்த மூடைய எங்கன எறக்கட்டும்?"

மூஸா கையை நீட்டி மூலையைக் காட்டினார். எந்தக் கை என்று அவர் பார்க்கவில்லை.